4 மணி 7 நிமிடத்திலேயே நிற்கிறது: 39 வயதில் மாரத்தான் நேரத்தைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி இது: "அக்கா, எனக்கு 39 வயது. தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். மூன்று ஃபுல் மாரத்தான் (42 கிலோமீட்டர்) ஓடியிருக்கிறேன்: 4:21, 4:08, 4:07. போன ஜனவரி சென்னையில் முதல் பாதி 1:57, அடுத்த பாதி 2:10. ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்) 1:52, பத்து கிலோமீட்டர் 50 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 40 கிலோமீட்டர், எல்லாம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடியிலிருந்து 5:50 வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை அதிகபட்சம் 24. எடை 58 கிலோ. கோச் கிடையாது. எனக்கு 3:45 வேண்டும். 'இந்த வயசுல யாரை ஜெயிக்கப் போற' என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். வழி உண்டா?"

உண்டு தங்கச்சி. ஆனால் வருகிற ஜனவரியில் 3:45 வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஜனவரிக்கு 3:55, அதற்கு அடுத்த ஜனவரிக்கு 3:45 என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கக்கூடியவை. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை உங்கள் எண்களே சொல்கின்றன.

நான் காரைக்குடி. வயது 53. முதல் ஃபுல் 38 வயதில், 4 மணி 52 நிமிடம். என் பெஸ்ட் 46 வயதில், 3 மணி 29. எனக்கும் கோச் கிடையாது. கீழே எழுதுவதில் பாதி படித்தது, பாதி பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் கணக்கு. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார், இன்றைக்கும் ஓட்டக்காரர்கள் அதைத்தான் புழங்குகிறோம். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 2.085 மடங்கு ஆகும். உங்கள் ஹாஃப் 1:52ஐ அதில் போட்டால் ஃபுல்லுக்கு 3:53 வருகிறது. பத்து கிலோமீட்டர் 50 நிமிடத்தைப் போட்டால் 3:50. நீங்கள் ஓடியது 4:07. அதாவது உங்கள் கால் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிற 14 நிமிடம் வசூலாகாமல் நிலுவையில் நிற்கிறது. அந்த நிலுவையை வசூல் செய்வதுதான் முதல் வருட வேலை. வேகம் கூட்டுவது அப்புறம்.

3:45 என்றால் கிலோமீட்டருக்கு 5:20. உங்கள் இப்போதைய ஹாஃப் வேகமே 5:19. இன்றைக்கு 21 கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து ஓடுகிற வேகத்தில் 42 ஓட வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஹாஃப் 1:46, 1:47க்கு வந்த பிறகு 3:45ஐப் பற்றிப் பேசலாம். 3:55க்கு 5:34 போதும். அதற்கு வேண்டிய வேகம் உங்களிடம் இப்போதே இருக்கிறது. நீடித்து நிற்கிற சத்துதான் இல்லை.

நிலுவை எங்கே மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு வேண்டும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டில் அன்றைய நாள்வழியை எழுதி முடிக்காமல் ராத்திரி சாப்பிட உட்கார மாட்டார். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குப் போகும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு, அதாவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிற மொத்தக் கணக்குக்கு. கணக்கு உதைத்தால், அது நாலணாவாக இருந்தாலும், எந்த நாளில் எந்த வரியில் உதைக்கிறது என்று பிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். "ரவுண்டு பண்றவன் தன்னையே ஏமாத்துறான்" என்பார். நான் ஓட ஆரம்பித்தபோது அதே மாதிரி நோட்டு ஒன்று வாங்கினேன். இப்போது பதினொன்றாவது நோட்டு ஓடுகிறது.

ஏழு வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்: "ஆவணி 12. காலை 4:40. தூக்கம் 5½ மணி (சின்னவனுக்குக் காய்ச்சல்). 9.2 கி.மீ., 6:48. நாடி 139. காற்று இல்லை, புழுக்கம். கடைசி 2 கி.மீ. இடது குதிகால் நரம்பு இழுப்பு. வாய்ப்பாடு வந்தது. தேதி 3ம் நாள்." அவ்வளவுதான், எழுத ஒன்றரை நிமிடம். 'தேதி' என்பது மாதவிடாய், 'வாய்ப்பாடு' என்னவென்று கீழே வருகிறது. 9.2ஐ 9 என்றோ 10 என்றோ எழுதக் கூடாது. கையில் கட்டியிருக்கிற வாட்ச் இதெல்லாம் சேர்த்து வைக்கிறதே என்பீர்கள். வாட்சுக்குச் சின்னவன் காய்ச்சல் தெரியாது. பள்ளியில் பரீட்சை விடைத்தாள் திருத்தி நாள் முழுக்க நின்றது தெரியாது. நாலு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து நாலு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தால் உடம்பு என்ன சொல்கிறது என்று தானே தெரியும். நான் முன்னேறிய வருடங்களில் எல்லாம் அந்த ஐந்தொகையைப் போட்டிருக்கிறேன். நின்றுபோன வருடங்களில் நோட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

இனி உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். 5:45லிருந்து 5:50 என்கிறீர்களே, போன மாரத்தானில் உங்கள் சராசரி வேகம் 5:51. தினமும் பந்தய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சுகமாக ஓட வேண்டிய நாளில் அது அதிகம், கஷ்டப்பட வேண்டிய நாளில் அது குறைவு. ஐந்து நாளும் ஒரே அளவு களைப்பு, எந்த நாளும் உடம்பை மாற்றவில்லை. நான் மூன்று வருடம் இதே தவறைச் செய்தேன். வியர்த்துக் கொட்டினால்தான் ஓடிய மாதிரி என்ற நினைப்பு.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் 1960களிலேயே தன் ஓட்டக்காரர்களை மாதக்கணக்கில் நிதானமாக நிறைய தூரம் ஓடவைத்துத்தான் ஒலிம்பிக் பதக்கங்களுக்குக் கொண்டுபோனார், 800 மீட்டர் ஓடிய பீட்டர் ஸ்னெல் உள்பட. பிறகு நார்வேயில் ஆய்வு செய்யும் ஸ்டீபன் சைலர், உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், துடுப்புப் படகுக்காரர்கள் எல்லாருடைய பயிற்சிக் குறிப்பையும் எடுத்துப் பார்த்தபோது, சுமார் 80 சதவீதப் பயிற்சி மிக இலகுவாக இருப்பதைக் கண்டார். மெதுவாக நிறைய ஓடும்போது தசையில் நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகுகின்றன, தசை அணுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, கொழுப்பை எரிக்கும் பழக்கம் கூடுகிறது. 32வது கிலோமீட்டரில் உங்களுக்கு இல்லாமல் போனது இந்த மூன்றும்தான்.

உங்கள் ஈஸி வேகம் 6:30லிருந்து 6:50. ஆமாம், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அளவுகோல் சுலபம்: ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டு, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். நீங்கள் டீச்சர், உங்களுக்கு இது இன்னும் சுலபம். 'பதினாறு ஏழு'க்குப் பிறகு இழுத்தால் வேகம் அதிகம். முதல் மூன்று வாரம் வெட்கமாக இருக்கும். வாக்கிங் போகிற மாமா ஒருத்தர் உங்களைப் பார்த்து "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்பார். என்னிடம் நூறடி ரோட்டில் கேட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் அதே நாடித் துடிப்பில் வேகம் பத்து, பதினைந்து வினாடி தானாகவே கூடியிருப்பதை நோட்டில் பார்ப்பீர்கள். அந்த நாளின் சந்தோஷத்தை நான் எழுதிப் புரியவைக்க முடியாது.

மெதுவாக ஓடி மிச்சம் பிடித்த சக்தியை வாரத்தில் ஒரே ஒரு நாள் செலவழிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடம் மெதுவாக, பிறகு 5:10 வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை, நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் இது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தையோடு நிற்கும், ஆனால் மூச்சு முட்டாது. பத்து வாரத்தில் பதினைந்து நிமிடமாக மூன்று தடவை என்று வளர்த்தால் போதும். இதற்கு நேர் ரோடு வேண்டும். உங்கள் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தா போகிற ரோட்டில் விடியுமுன் ஓடலாம், ஆனால் லாரி வரும். நான் விடுமுறை நாட்களில் கானாடுகாத்தான் போய்விடுவேன். அந்தத் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக, அகலமாக இருக்கும். இரண்டு பக்கமும் பெரிய வீடுகளின் மதில், காலை ஐந்து மணிக்கு ஒரு குருவிச் சத்தம்கூட இருக்காது. வியாழக்கிழமை ஈஸி ஓட்டத்தின் கடைசியில் 20 வினாடி வேக ஓட்டம் ஆறு தடவை போடுங்கள். கால் சோம்பிப் போகாமல் இருக்கும். புதன், சனி வெறும் ஈஸி. திங்களும் வெள்ளியும் ஓய்வு.

வாரத் தூரம் 40லிருந்து 55க்கு வர வேண்டும், ஒரேயடியாக அல்ல. மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் கால்வாசி குறைத்து, மறுபடி ஏற்றுங்கள். ஆடி கடைசியில் ஆரம்பித்தால் கார்த்திகைக்குள் வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான வேலை. 24 கிலோமீட்டரை 28, 30க்குக் கொண்டுபோங்கள். 6:40 வேகத்தில் 30 கிலோமீட்டர் ஓட 3 மணி 20 நிமிடம் ஆகும், அதற்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் பலனைவிட சேதாரம் அதிகம். 28க்கு மேலே மொத்தம் நாலைந்து தடவை ஓடினால் போதும். அவற்றில் இரண்டில் மட்டும் கடைசி 8 கிலோமீட்டரை 5:34ல் ஓடுங்கள். களைத்த காலோடு பந்தய வேகம் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவிடுவது இதுதான்.

என் ஞாயிறு வழி காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, அங்கிருந்து பிள்ளையார்பட்டி, திரும்பி வீடு. குன்றக்குடி 10 கிலோமீட்டர் போல, பிள்ளையார்பட்டி அதற்கு மேல் இரண்டு மூன்று. போகும்போது குன்றக்குடி மலைக்கோயில் விளக்கு தூரத்தில் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். திரும்பும்போது வெயில் முகத்தில் அடிக்கும். வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு பின்னால் வருவார். இருட்டில் பெண்கள் தனியாக ஓட வேண்டாம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாய்த் தொல்லையும் இருக்கிறது. ஒளி பட்டால் மின்னுகிற பட்டை வைத்த சட்டை, தலையில் டார்ச், எதிரே வண்டி வருகிற பக்கமாக ஓட்டம். இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தை மாதம் அதே ரோட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்ப்பேன். நகரத்தார் காவடியோடு தலைமுறை தலைமுறையாகக் குன்றக்குடி வழியாகத்தான் போகிறார்கள். ஒரு வருடம் பந்தயம் முடிந்து கால் ஆறுகிற நேரத்தில் நானும் இரண்டு நாள் கூட நடந்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் ஆச்சி, பாதத்தில் விளக்கெண்ணெய் தடவி, விரல் இடுக்கில் துணி நாடா சுற்றி, காலையில் எந்த நடை நடந்தாரோ சாயங்காலமும் அதே நடை. முதல் நாள் அவரைக் கடந்து வேகமாகப் போன இளவட்டங்கள் மறுநாள் மத்தியானம் மரத்தடியில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி நின்றுகூடப் பார்க்கவில்லை, மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே போய்விட்டார். உங்கள் 1:57, 2:10ஐப் படித்தபோது எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகம் வந்தது.

முதல் பாதியைக் கிலோமீட்டருக்கு 5:33ல் ஓடினீர்கள், இரண்டாம் பாதியை 6:10ல். உங்கள் அன்றைய பயிற்சிக்கு 5:33 அதிகம்தான். ஆனால் வேகம் மட்டும் காரணமில்லை. வயிற்றையும் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு ஆகும் செலவு கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 58 கிலோவுக்கு 42 கிலோமீட்டர் என்றால் சுமார் 2,450 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்க முடிகிற மாவுச்சத்து பெரும்பாலும் 2,000 கலோரிக்குள்தான். மிச்சத்துக்குக் கொழுப்பு எரியும், ஆனால் அது மெதுவாக எரியும். அதனால்தான் 30, 32 தாண்டியதும் கால் கல்லாகிவிடுகிறது. பந்தயத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு ஜெல் (ஓடிக்கொண்டே விழுங்குகிற மாவுச்சத்துக் கூழ்), இரண்டு வாய் வாழைப்பழம், அவ்வளவுதான்.

மணிக்கு 40லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் 22லிருந்து 25 கிராம் இருக்கும். அரை மணிக்கு ஒன்று, பந்தயம் முழுக்க ஏழு. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், முதல் ஜெல் 30வது நிமிடத்திலேயே போக வேண்டும். குடல் இதற்குப் பழக வேண்டும், ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகை பார்க்க வேண்டும். எல்லா ஞாயிறும் ஜெல் வாங்கினால் காசு கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம். நான் பயிற்சியில் பத்து வருடமாகக் குடிப்பது இதைத்தான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

கடைசி இரண்டு நாளும் தினம் கிலோ எடைக்கு 8லிருந்து 10 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு, உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 460 கிராம். இதற்குப் பாஸ்தா தேடி அலைய வேண்டாம். இடியாப்பமும் சர்க்கரையும், வெள்ளைப் பணியாரம், இட்லி, ரசஞ்சாதம், கருப்பட்டிப் பானகம். கவுனி அரிசி நல்லதுதான், ஆனால் நார்ச்சத்து உள்ளது, அதை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பந்தயத்துக்கு முதல் நாள் யார் வீட்டு விசேஷமானாலும் கோழிக் குழம்பில் கை வைக்காதீர்கள். காரம், எண்ணெய், மறுநாள் காலை இருட்டில் கழிப்பறை வரிசை. இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இப்போது பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம், இதை விரிவாகவே சொல்கிறேன். எனக்கு 42, 43 வயதில் இரண்டு வருடம் நேரம் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. பயிற்சி சரியாக இருந்தது. மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். ஒரு டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 11.8, "பரவாயில்லை, வயசாகுது, ஓடறதைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது: எட்டு மாதமாக ஒவ்வொரு 'தேதி'க்குப் பிந்திய வாரத்திலும் அதே வேகத்துக்கு நாடி ஆறு, ஏழு கூடியிருந்தது. ரத்தம் போகிற வாரத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அந்த நோட்டுத்தான் சொன்னது. வேறொரு டாக்டரிடம் நோட்டையே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டுகிற சோதனை அது. வந்த எண் 9.

இரும்பு இல்லாவிட்டால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது ஓட்டைக் குடம்தான். மாதவிடாயில் போவது ஒரு பக்கம், நீண்ட ஓட்டத்தில் பாதம் தரையில் மோதி மோதிச் சிவப்பணுக்கள் உடைவது ஒரு பக்கம், வியர்வை, குடல் வழியாகப் போவது வேறு. ஆறு மாதம் டாக்டர் கொடுத்த மாத்திரை, வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), சாப்பாட்டோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கிடையாது. காபி, டீ இரும்பை உறிஞ்ச விடாது, எனக்குக் காபியைத் தள்ளிப் போடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அதற்கு அடுத்த ஜனவரியில் 11 நிமிடம் இறங்கியது. பயிற்சியில் எதையுமே மாற்றவில்லை. ஆகவே தங்கச்சி, ஷூ வாங்குவதற்கு முன் ஃபெரிட்டின் பாருங்கள். குறைவாக இருந்தால் மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள், அளவு தெரியாமல் இரும்பு ஏறினாலும் கெடுதல். அதோடு, 'தேதி' தள்ளிப் போகிறது, நின்றுவிட்டது என்றால் அது பயிற்சிக்குத் தேவையான அளவு நீங்கள் சாப்பிடவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பட்டினி கிடந்து எலும்பு விரிசல் விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஷூ பற்றிக் கேட்பீர்கள். கார்பன் தகடு வைத்த ஷூ உதவும், பொய் இல்லை. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்து ஆய்வகத்தில் பார்த்தபோது சராசரியாக 4 சதவீதம் சக்தி மிச்சமானது. நம் வேகத்தில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். 3:45க்குப் போகிற வருடம் வாங்கிக்கொள்ளலாம், இந்த வருடம் அந்தப் பணத்தில் ரத்தச் சோதனையும் ஜெல்லும் வாங்குங்கள்.

நம் ஊர் வெயில். சித்திரையில் உங்கள் வேகம் குறைந்தால் மனம் உடையாதீர்கள். நாடி 140ல் மார்கழி மாதம் 6:10 ஓடுகிற நான், சித்திரையில் அதே 140ல் 6:50தான் ஓடுவேன். தோலைக் குளிர்விக்க ரத்தம் போய்விடுகிறது, தசைக்குக் குறைகிறது. அந்த மாதங்களில் வேகத்தைப் பார்க்காமல் நாடியை மட்டும் பார்த்து ஓடுங்கள். வெயிலுக்குப் பழக உடம்புக்கு பத்திலிருந்து பதினான்கு நாள் போதும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். சென்னையில் ஜனவரியிலும் ஈரப்பதம் இருக்கும். குளிர் ஊரிலிருந்து வருகிறவர்கள் அங்கே திணறும்போது செட்டிநாட்டுக் கோடையைத் தாண்டி வந்த உடம்பு திணறாது.

கால் பலத்துக்கு ஜிம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணைப் படியே போதும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக மூன்று எண்ணும் வரை கீழே இறக்கி, மேலே ஏற்றுங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். என் குதிகால் நரம்பு சரியானது இதனால்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வியர்வைக் காலோடு செய்யாதீர்கள், கண்ணாடி மாதிரி வழுக்கும். நான் ஒருமுறை வீட்டு வளவில் விழுந்து மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் பாத்திரம் தூக்க முடியவில்லை.

"யாரை ஜெயிக்கப் போற" என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கும் பதினைந்து வருடமாக இதே கேள்விதான். 1980 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர். அதற்கு மேல் பெண் உடம்பு தாங்காது என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் முறையாகப் பெண்கள் மாரத்தான் வைத்தார்கள், ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஜெயித்தார். அப்போது நான் காரைக்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், பெண் பிள்ளை ரோட்டில் ஓடினால் "என்ன அவசரம்" என்று கேட்ட காலம். அதே ஜோன் பெனாய்ட் 2010ல் சிகாகோவில் 2:47:50 ஓடினார். அப்போது அவருக்கு 53 வயது, இன்றைக்கு என் வயது. அவரை ஜெயிக்கப் போகிறேனா? இல்லை. ஆனால் 53 வயது உடம்பால் என்ன முடியும் என்று நான் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதை வைத்து என்னால் என்ன முடியும் என்று தினமும் சோதித்துப் பார்க்கிறேன். பிள்ளை, குடும்பம், வேலை எல்லாவற்றிலும் நாம் செய்கிறது கூடியதா குறைந்ததா என்று அளந்து சொல்ல யாருமில்லை. இதில் மட்டும் அளவு இருக்கிறது. அந்த அளவு எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படி இருப்பதால்தான் 4:07 என்ற எண் உங்களைத் தூங்கவிடவில்லை.

தவிர, வயதுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 40 தாண்டியதும் நீங்கள் அந்தப் பிரிவுப் பெண்களோடுதான் ஒப்பிடப்படுவீர்கள். பாஸ்டன் மாரத்தானில் சேர 2026 பந்தயத்துக்கு 40லிருந்து 44 வயதுப் பெண்களுக்கு வைத்த தகுதி நேரம் 3:35. 3:45 ஓடி முடித்த அன்றைக்கு அது உங்களுக்குப் பத்து நிமிடம் தள்ளித்தான் இருக்கும்.

பந்தயத்துக்குக் கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், செவ்வாய்க்கிழமை வேகத்தைக் குறைக்காதீர்கள். அந்த நாட்களில் கால் கனமாக, இல்லாத வலியெல்லாம் இருப்பது போலத் தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. பந்தயத்தன்று காலையில் முதல் 5 கிலோமீட்டர் 5:40. எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். ஆறிலிருந்து 32 வரை 5:34. முடிவுக் கோட்டுக்கு முன்பே வாட்ச் 42.195 கிலோமீட்டர் காட்டிவிடும். பாதை வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில்தான் அளந்திருப்பார்கள், நாம் வெளிப்புறமாக ஓடி 300, 400 மீட்டர் கூட்டிக்கொள்வோம். ஆகவே வாட்சில் 5:30, 5:31 காட்டினால்தான் உண்மையில் 5:34. வளைவு வரும்போது உட்கோட்டைப் பிடியுங்கள். 32க்குப் பிறகு சத்து இருந்தால் அப்போது தாண்டிப் போங்கள், முதல் 5 கிலோமீட்டரில் போனவர்கள் நிறையப் பேர் அங்கே நடந்துகொண்டிருப்பார்கள்.

நாளைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி, நாலு வாரம் எழுதிவிட்டு எனக்குக் காட்டுங்கள். தூக்கம், நாடி, 'தேதி' மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி வழியில் சேர்ந்து ஓட வருவதானால் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரர் வண்டியில் நாலு பாட்டிலாகக் கட்டிக்கொள்வார். 4:15க்குக் கிளம்பிவிடுவோம்.